3 அடி 4 அங்குலச் சந்து

அம்மாவுக்காகக் கட்டிய அறை ஒரு மழைக்காலத்தை முழுதாகத் தாண்டிவிட்டது. உள்சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறவில்லை. எங்கள் மாடித் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் விழவில்லை. இந்த இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். வேலை ஆரம்பித்தது 2024 நவம்பர் கடைசியில், முடிந்தது 2025 ஜூலையில். ஜனவரிக்குள் முடிய வேண்டிய வேலை எட்டு மாதம் இழுத்ததற்கு நான் முதல் வாரத்தில் செய்த தவறுகள்தான் காரணம். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைக்குப் பக்கம். வீடு 1996-ல் அப்பா கட்டியது. கிழக்கே காலி இடம், அதன் எல்லையில் மண் சாந்து வைத்துக் கட்டிய கருங்கல் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணனின் மாட்டுக் கொட்டகை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கழிவறை பின்கட்டில், மூன்று படி இறங்கிப் போக வேண்டும். ஜனவரியில் ஒரு காலுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் படி இல்லாத ஒரு அறையும் உள்ளேயே ஒரு பாத்ரூமும் வேண்டும். அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

வீட்டுச் சுவரிலிருந்து மதில் வரை டேப் பிடித்தேன். 14 அடி. அறையின் உள் அகலம் 10 அடி, வெளிச்சுவர் 9 அங்குலம், போக 3 அடி 3 அங்குலம் சந்து. நீளம் வெளிக்கு வெளி 20 அடி: 13 அடி அறை, 5 அடி பாத்ரூம், மீதி சுவர்கள். வரைபடம் போட்டுக் கொடுத்தவர் எல்லையிலிருந்து 1 மீட்டர் விடச் சொன்னார். 1 மீட்டர் என்றால் 3 அடி 3 அங்குலத்துக்கு மூன்று நூல் கூட. சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். மதில்தான் எல்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை.

மேஸ்திரி மட்டும் ஒன்று சொன்னார். "இப்ப வேணாம்ணா. கார்த்திகை மழை ஒண்ணு பாக்கி இருக்கு. தை பொறக்கட்டும்." அம்மாவின் ஆபரேஷன் தேதியைச் சொல்லி நான்தான் அவரை இழுத்தேன்.

நவம்பர் 27-ம் தேதி ஜேசிபி வந்தது. மணிக்கு 1,300 ரூபாய், இரண்டு மணி நேர வேலை. இரண்டரை அடி அகலம், 4 அடி ஆழம், 20 அடி நீளத்துக்கு ஒரே மூச்சில் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியாகிவிட்டது. மூன்றரை அடியில் முரம்பு என்கிற கெட்டிச் சரளை மண் வந்தது. வண்டி வீட்டுப் பக்கம் நின்றதால் மண்ணை மதில் பக்கம்தான் கொட்ட முடிந்தது. குழியின் விளிம்புக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்தது 2 அடி 4 அங்குலம். அந்த இடம் முழுக்க இடுப்பளவு மண். அந்த மதிலின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தோண்டும் முன் நான் பார்க்கவில்லை. பிறகு தெரிந்தது, ஒன்றரை அடிதான். ஒன்றரை அடியில் நிற்கும் மண் சாந்துச் சுவருக்குப் பக்கத்தில் 4 அடிக் குழி, நடுவில் இருக்கும் மண்ணின் தலையில் இன்னும் ஒரு பாரம். இப்போது எழுதும்போதே பதறுகிறது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கடலோரத்தில்தான் மழை, நமக்குத் தூறலோடு போய்விடும் என்று இருந்தோம். அடுத்த நாள் இரவு எங்கள் பக்கம் பெய்ததை எழுத்தில் சொல்ல முடியாது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பதிவானது. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. என் 20 அடி வானம் ஒரு குட்டையாக நிரம்பி, வழிந்து, வீட்டுப் பக்கமும் ஏறப் பார்த்தது.

விடிகாலை மூன்று மணி இருக்கும். பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். நடுவில் இருந்த மண் சரிந்து குழிக்குள் உட்கார்ந்திருந்தது, அதன் பின்னாலேயே மதில் 12 அடி நீளத்துக்கு எங்கள் பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. கொட்டகைக் கூரையைத் தாங்கும் இரண்டு வாரைகள் மதில் மேல் ஏற்றியிருந்தவை. அவை இறங்கி, மூன்று தகடு தொங்கியது. அண்ணன் ஏற்கெனவே மாடுகளை அவிழ்த்து முன்வாசலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சினைப் பசு ஒன்று அந்த வாரைக்குக் கீழேதான் கட்டியிருந்தது. மதில் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அது பிழைத்திருக்காது. அன்று அண்ணன் என்னைத் திட்டவில்லை. "தம்பி, மொதல்ல மோட்டாரப் போட்டுத் தண்ணிய எறை, உன் வீட்டுச் சுவரையும் இழுத்துக்கப் போவுது" என்றார்.

இரண்டு நாள் மோட்டார் ஓடியது. வாடகை 1,200. கொட்டகைக்குப் புதுத் தகடும் இரண்டு வாரையும் ஆள் கூலியும் சேர்த்து 6,500 ரூபாய். அதை முதல் வேலையாகச் செய்தேன். அறை ஜனவரிக்கு ஆகாது என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவை ஹாலில் கட்டில் போட்டுத்தான் படுக்க வைத்தோம். தம்பி மனைவியும் என் மனைவியும் மாறி மாறித் தூக்கி இறக்கினார்கள்.

மதிலைத் திரும்பக் கட்டுவதற்கு முன் அளந்துவிடலாம் என்றது அண்ணன். அவர் பையன்கள் இருவருக்கும் பாகம் பிரிக்கும் யோசனை இருந்தது, எல்லாம் ஒரு தடவையில் தெளிவாகட்டும் என்றார். எங்கள் இரண்டு மனையும் ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் இல்லை, புஞ்சையில் உட்பிரிவு ஆனவை. அதனால் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம் உண்டு. அரசு இணையதளத்தில் பட்டா எண் போட்டு எடுத்துவிட்டேன். அதை வைத்து நானே அளந்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தேன். அதுவும் வீண். எங்கள் புலப்படம் 1:1000 அளவில் இருந்தது. காகிதத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 1 மீட்டர். படத்தில் கோட்டின் தடிமனே தரையில் ஒரு அடி வரும். ஸ்கேல் வைத்து அளப்பதில் அர்த்தமே இல்லை. படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்களைத்தான் எடுக்க வேண்டும், அவற்றையும் தரையில் உறுதியாகத் தெரிந்த கல்லிலிருந்துதான் இழுக்க வேண்டும். என்னிடம் அப்படி உறுதியான கல் ஒன்றுதான் இருந்தது, தெரு முனையில்.

இ-சேவை மையத்தில் எல்லையை அளந்து காட்டும் எஃப்-லைன் அளவைக்கு மனுக் கொடுத்தோம். ஜனவரி கடைசியில் சர்வேயர் வந்தார். எங்கள் மனையை மட்டும் அளக்காமல் புலத்தின் மூலைக் கற்களிலிருந்து ஆரம்பித்தார். முன்பக்கக் கல் மதிலோடு ஒட்டியே இருந்தது. பின்பக்கக் கல்லைக் காணோம். அவர் டேப் காட்டிய இடத்தில் கடப்பாரை போட்டோம். புளியமர வேருக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் டங் என்றது. மண்ணைத் துடைத்தால் தலையில் உளியால் போட்ட குறி. அந்தக் கல் மதிலிலிருந்து எங்கள் பக்கம் 2 அடி உள்ளே இருந்தது.

அதாவது, அப்பா கட்டிய மதில் முன்னால் சரியாக ஆரம்பித்து, பின்னால் போகப் போக அண்ணனின் நிலத்துக்குள் சாய்ந்துகொண்டே போய், 60 அடி முடிவில் 2 அடி தாண்டி நிற்கிறது. அறை வரும் இடத்தில் முன்முனையில் 5 அங்குலம், பின்முனையில் 13 அங்குலம். நான் 14 அடி என்று அளந்தது முன்முனையில் 13 அடி 7 அங்குலம், பின்முனையில் 12 அடி 11 அங்குலம்தான். மழை பெய்யாமல் இருந்திருந்தால், பழைய கணக்கில் கட்டியிருப்பேன். பின்பக்கச் சந்து உண்மையில் 2 அடி 2 அங்குலமாக இருந்திருக்கும். அது யாருக்கும் தெரிந்திருக்காது, பாகப்பிரிவினை நாள் வரைக்கும்.

எனக்குப் பேச வரவில்லை. அண்ணன்தான், "உங்கப்பாவும் எங்கப்பாவும் சேந்து கயிறு புடிச்சுக் கட்டுனது. அவங்க கண்ணுக்கு நேராத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். விழுந்த 12 அடியோடு, ஆட்டம் கண்ட இன்னொரு 12 அடியையும் பிரித்து, 24 அடிக்குப் புது மதில், சரியான கோட்டில். செலவு என்னுடையது. மதிலின் கனத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று வந்தபோது, "கோட்டுக்கு என் பக்கமே வச்சுக்கோ, உனக்குச் சந்து மிஞ்சும்" என்றார். இதை ஒரு தாளில் எழுதி, அளவுகளோடு, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். நல்ல மனசு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நாளைக்குப் பேசப்போவது பிள்ளைகள்.

பின்முனையில் 1 மீட்டர் கிடைக்க அறையின் உள் அகலத்தை 8 அடி 10 அங்குலமாகக் குறைத்தேன். 14 அங்குலம் போனது. இப்போது சந்து முன்னால் 4 அடி, பின்னால் 3 அடி 4 அங்குலம். அம்மாவின் கட்டில் 4 அடி அகலம். போட்டால் வாக்கர் திரும்ப இடம் இருக்குமா என்று ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டு, அம்மாவை நடக்க வைத்துப் பார்த்தேன். திரும்பியது. பீரோ மட்டும் வெளியே போனது.

மாசி மாதம் இரண்டாவது தடவை வானம். இந்தத் தடவை ஜேசிபி வேண்டாம், ஆள்தான். 20 அடியை 5 அடித் துண்டுகளாக நான்காகப் பிரித்தோம். முதலில் ஒன்றும் மூன்றும் மட்டும் தோண்டி, கல் கட்டித் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் மண் போட்டு இடித்த பிறகு இரண்டும் நான்கும். எந்த நேரத்திலும் பத்து அடிக்கு மேல் குழி திறந்து கிடக்கவில்லை. மண் எல்லாம் வீட்டின் முன்வாசலுக்குச் சட்டியில் போனது. மூன்று நாள் வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. ஆனால் ராத்திரி தூங்க முடிந்தது.

இன்னொரு சிக்கல், சுவர் 14 அங்குலம் உள்ளே வந்ததால் புது அஸ்திவாரத்தின் பாதி பழைய குழியின் மேலும் பாதி கைபடாத தரையின் மேலும் விழுந்தது. பழைய குழியின் அடி ஊறிச் சேறாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் பொதபொதப்பு என்றால் சுவர் சாயும் என்றார் மேஸ்திரி. கடப்பாரையைக் குத்தினால் கை அதிரும் வரை, இன்னும் முக்கால் அடி, முழு அகலத்துக்கும் இறக்கினோம். அடியில் 40 எம்எம் ஜல்லியில் 1:4:8 கான்கிரீட் (சிமென்ட் 1, மணல் 4, ஜல்லி 8) 9 அங்குலம். அதன் மேல் கருங்கல் கட்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆனால் முகம் தட்டிப் போடும் ஆள் குறைந்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஒவ்வொரு கல்லையும் கையில் புரட்டிப் பார்த்து, பெரிய முகத்தைக் கீழே வைத்து, இடுக்கில் சில்லு அடித்துத்தான் கலவை போட்டார். கலவையைக் கொட்டி அதில் கல்லை மிதக்கவிடும் வேலையே இல்லை. அதன் மேல், சுவருக்கு அடியில் வரும் 9-க்கு 9 அங்குல பிளிந்த் பீம், நான்கு 12 எம்எம் கம்பி.

புது மதிலும் இதே நேரத்தில் எழும்பியது. 6 அங்குல ஹாலோ பிளாக், கீழே சின்ன பீம், 6 அடி உயரம். பின்முனையில் புதுக் கோடும் பழைய மதிலும் சேரும் இடத்தில் 14 அங்குலம் விலகல். அங்கே மதில் ஒரு மடிப்பு மடிந்து போகிறது. பார்ப்பவர்கள் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள், சொல்கிறேன்.

சுவர் வேலை சீராகப் போனது. 4,000 செங்கல், ஒன்று 9 ரூபாய். கிழக்குச் சுவரில் ஜன்னல் வைக்கும்போது அண்ணியிடம் கேட்டேன். அவர்கள் குளிக்கும் இடம் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் கண்ணுயரத்துக்கு மேல், தரையிலிருந்து 6 அடியில் ஆரம்பிக்கும் 4 அடி நீள வென்டிலேட்டர் மட்டும். பெரிய ஜன்னல் தெற்கே. சன்ஷேடு வழக்கமான ஒன்றரை அடிக்குப் பதில் 9 அங்குலம். சந்தில் பாதியை சன்ஷேடு மூடிவிட்டால் கீழே வெயில் இறங்காது, பாசி பிடிக்கும்.

ஏப்ரலில் கான்கிரீட். நாலரை அங்குலத் தளம், 17 மூட்டை சிமென்ட். தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் முன் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியபோது, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மூலைக்கு மூலை பார்த்தேன். கிழக்குப் பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் அத்தனையும் அண்ணன் பக்கம். தட்டு ஓடு போடும்போது கிழக்கே 3 அங்குலம், மேற்கே 1 அங்குலம் என்று கனம் மாற்றி, வாட்டத்தைத் தெற்குப் பார்த்துத் திருப்பினோம். 3 அங்குல பைப் இரண்டு, இரண்டும் எங்கள் வாசல் பக்கம். ஒன்று போதும் என்றார்கள். அந்த டிசம்பர் ராத்திரியைப் பார்த்தவன் ஒன்று வைக்க மாட்டான்.

வெளிப்பூச்சுதான் நான் ரொம்ப நேரம் நின்று பார்த்த வேலை. பல வீடுகளில் பக்கத்துச் சுவருக்கும் நம் சுவருக்கும் ஒரு அடி விட்டுவிட்டு, உள்ளே ஆள் போக முடியாமல் செங்கல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு உள்ளே ஆளுயரத்துக்கு ஓதம். 3 அடி 4 அங்குலத்தில் சாரம் கட்டும்போது இரண்டு பலகைக்குத்தான் இடம் இருந்தது. கொத்தனார் முதுகு மதிலில் உரச, முழங்கையை மடக்கி, கரணையிலிருந்து கலவையைச் சுவரில் வீசினார். பிறகு பூச்சைச் சமப்படுத்தும் 4 அடி மணியாஸ்கட்டையைக் குறுக்கே தேய்க்கத் திரும்ப முடியாமல், கட்டையை இரண்டரை அடியாக அறுத்துக்கொண்டார். மடிந்த முழங்கைக்கும் பின்னால் இருந்த மதிலுக்கும் நடுவே மிஞ்சியது நான்கு விரல். 3 அடிக்குக் குறைந்தால் பூச முடியாது என்று இறங்கி வந்து சொன்னார். சட்டத்துக்காக விட்ட 1 மீட்டர் ஆள் வேலை செய்யவும் வேண்டிய அளவு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பூச்சு இரண்டு கோட்டு, 15 எம்எம், நீர்புகாத் திரவம் மூட்டைக்கு 200 மில்லி. பத்து நாள் காலை, மாலை தண்ணீர். போர் தண்ணீர் உப்பு என்பதால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து அடித்தோம்.

பாத்ரூம் பைப் இந்தச் சந்திலேயே, எங்கள் சுவரை ஒட்டி, 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டத்தில் ஓடிப் பின்பக்கம் பழைய தொட்டியில் சேர்கிறது. திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர். அடைத்தால் ஆள் உட்கார்ந்து மூடி திறக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது.

ஜூன் கடைசியில், பழைய வீட்டுச் சுவரும் புதுச் சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழாக முடி மாதிரி ஒரு விரிசல். பழைய சுவரில் பல் வெட்டிக் கோத்துத்தான் கட்டியிருந்தோம். பழையது முப்பது வருடமாக உட்கார்ந்துவிட்டது, புதியது இப்போதுதான் உட்காருகிறது. கோத்தால் அந்த இடத்தில்தான் விடும். விரிசலை அரை அங்குலத்துக்கு வி மாதிரி வெட்டி, இழுபடும் சீலன்ட் வைத்து அடைத்தேன். இதுவரை விடவில்லை. இன்னொரு தடவை கட்டினால் பல் வெட்டமாட்டேன். அரை அங்குலம் இடைவெளி விட்டுத் தனிச் சுவராக எழுப்பி, அந்த இடைவெளியை மட்டும் அடைப்பேன்.

மொத்தம் 5,35,000 ரூபாய் ஆனது. இதில் புது மதில் 45,000, கொட்டகை 6,500, பழைய குழியை மூடி மறுபடி தோண்டியது 18,000. அளக்காமலும் மழை பார்க்காமலும் ஆரம்பித்ததற்கு ஏறக்குறைய 70,000. வேறு ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், செங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அளவை மனுவைக் கொடுக்கச் சொல்வேன். பக்கத்து மதிலின் அடியில் ஒரு அடி அகலத்துக்குத் தோண்டி அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்க்கச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் வானம் தோண்டவே வேண்டாம்.

இந்தக் கார்த்திகையில் ஒரு ராத்திரி நல்ல மழை. டார்ச்சோடு சந்துக்குள் போனேன். இரண்டு பைப்பும் வாசல் பக்கம் கொட்டுகிற சத்தம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு டார்ச் வெளிச்சம். "இங்க காஞ்சு கெடக்கு தம்பி, போய்ப் படு" என்றார் அண்ணன். பின்பக்கம் மீதி 26 அடி மதில் இன்னும் அவர் நிலத்தில்தான் நிற்கிறது. தை பிறந்ததும் அதைப் பிரித்துக் கோட்டுக்குக் கொண்டுவர மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புளியமரத்து வேரை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.